வார்டுக்கு ஒரு சபை பிறந்த கதை

திருவனந்தபுரம் நகர எல்லையைத் தாண்டி ஏதாவது ஒரு கிராமப் பஞ்சாயத்தில் வீடு வாங்கிக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். “கிராம சபை நோட்டீஸ் வந்திருக்கு, நாமளும் போகலாமா?” அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர்கள் ஏற்கெனவே சபையின் உறுப்பினர்கள். விண்ணப்பம் கிடையாது, சந்தா கிடையாது, யாருடைய சிபாரிசும் வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பிப் பட்டியலில் பெயர் வந்த அன்றே உறுப்பினர் ஆகிவிடுகிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கும் வரை உறுப்பினர்தான்.

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஷ் கவுன்சில்களை உருவாக்கியது. அந்தக் கவுன்சில் கூடும்போது ஊர்க்காரர் உள்ளே போய் உட்காரும் உரிமையை 1960-ல் இன்னொரு சட்டம் உறுதி செய்தது. நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர் தமது கன்னிப் பேச்சிலேயே முன்வைத்த மசோதா அது. ஆனாலும் கவுன்சில் கூட்டத்தில் ஊர்க்காரர் பார்வையாளர்தான், ஓட்டு கவுன்சிலர்களுக்கு. அதே பாரிஷில் ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில், வாக்காளர் கூட்டம் ஒன்று தனியாக நடக்கும். அதில் வாக்காளர் பேசலாம், கை தூக்கலாம். நம் கிராம சபைக்குச் சொந்தம் இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான். கேரளம் அப்படிப்பட்ட கூட்டத்தை வார்டு அளவுக்குச் சுருக்கியது. ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆக்கியது. கையில் ஒரு பயனாளிகள் பட்டியலையும் கொடுத்தது. எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் கதை.

திருவிதாங்கூரில் கூட்டம் கூடுவது புதிதல்ல. அன்றைக்குத் திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டில் பிடாகை எனும் பன்னிரண்டு ஊர்த் தொகுதிகளின் நாட்டார்கள் கூடி, அதிகாரிகளின் கொடுமையைத் தாங்க முடியாமல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஆனால் கூடியவர்கள் நாட்டார்கள், நிலம் உள்ளவர்கள்.

திருவனந்தபுரம் பாளையத்தில், தலைமைச் செயலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் என்று 1896-ல் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் வாயில் வி.ஜே.டி. ஹால். 1904 அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முதலாகக் கூடியது அங்கேதான். மூலம் திருநாள் மகாராஜா காலம். திவான் தலைமையில் உட்காருவார், உறுப்பினர்கள் எழுந்து குறை சொல்வார்கள், திவான் பதில் சொல்வார். சட்டம் செய்யும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் நிலவரி கூடுதலாகக் கட்டும் சொத்துக்காரர்களும் பெரிய வியாபாரிகளும்.

அந்தச் சபைக்குள் 1911-ல் வெங்ஙானூர் அய்யன்காளி நியமன உறுப்பினராக வந்தார். பொதுச் சாலையில் தடையை மீறி வில்வண்டி ஓட்டிய புலயர் சமூகத்து மனிதர். தம் மக்களுக்குப் புதுவல் எனும் அரசுத் தரிசு நிலம் வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அந்த மண்டபத்தில் கேட்டார். கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைத் திருவனந்தபுரம் முதலில் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். 2019-ல் அந்த மண்டபத்துக்கு அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றினார்கள். தாமதமாகச் செய்தாலும் சரியான காரியம்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் நிர்ணய சபையில் பஞ்சாயத்துகளுக்காக எழுந்தவர் ஒரு தமிழர். 1948 நவம்பர் 22-ஆம் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம்தான் பின்னால் அரசியல் சட்டத்தின் 40-ஆம் பிரிவு ஆனது. கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று அது அரசுக்கு வழி சொன்னது. வழிகாட்டும் நெறி என்பதால் நீதிமன்றத்தில் போய்க் கேட்க முடியாது. கேட்க முடியாததை எந்த அரசு அவசரமாகச் செய்யும்?

கேரளத்தில் கதை இழுபறியாகவே போனது. 1957-ல் முதல்வராகப் பதவிக்கு வந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு, நிர்வாகச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்துத் தாமே தலைமை தாங்கினார். பஞ்சாயத்துக்கும் மாவட்டக் கவுன்சிலுக்கும் மசோதாக்கள் வந்தன. 1959 ஜூலை 31-ல் ஆட்சியே கலைக்கப்பட, மசோதாக்களும் போயின. 1960-ல் பஞ்சாயத்துச் சட்டம் ஒன்று வந்தது. 1963-64-ல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1979-ல். இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்து வாக்காளர் ஆகிவிட்டது. 1991-ல் மாவட்டக் கவுன்சில்கள் வந்தன. சில மாதங்களில் ஆட்சி மாறியது, கவுன்சில்களின் அதிகாரமும் சுருங்கியது. யார் ஆட்சியில் இருந்தாலும் தலைமைச் செயலகம் தன் பிடியைத் தளர்த்தத் தயங்கியது என்பதே உண்மை.

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தபோது மாநிலங்களுக்குத் தப்ப வழியில்லாமல் போனது. ஓராண்டுக்குள் தத்தம் பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றியாக வேண்டும். கேரளத்தில் கே. கருணாகரன் முதல்வராக இருந்தபோது, கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்னால், 1994 ஏப்ரல் 23-ல் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில்தான் கிராம சபை பிறக்கிறது. கிராமம் என்றால் எது என்பதை ஆளுநர் அறிவிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 243-ஆவது பிரிவு இடம் விட்டிருந்தது. கேரளம் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டு, பஞ்சாயத்தின் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமம் என்றது. கிராமத்துக்கு ஒரு சபை. ஆகவே வார்டுக்கு ஒரு சபை.

இதன் அருமை தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உடனே பிடிபடாது. தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கு மேல் ஊராட்சிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை. ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை என்று வைத்தாலும் ஓரளவு செல்லும். கேரளத்தில் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வீடுகள் தொடர்ந்து போகும். ஒரு பஞ்சாயத்தில் இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் சாதாரணம். அத்தனை பேருக்கும் ஒரே சபை என்றால் அது பொதுக்கூட்டம் ஆகிவிடும், மேடையில் இருப்பவர் மட்டும் பேசுவார். வார்டு என்றால் ஆயிரத்து ஐந்நூறு வாக்காளர் அளவில் நிற்கும். நடந்து போய்விடலாம். எழுந்து பேசுகிறவர் யார், எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். மேற்கு வங்கத்திலும் அதே காலத்தில் இதுபோல் வார்டு அளவிலான கிராம சன்சத் வந்தது.

ஆனால் சட்டத்தில் பிறந்ததற்கு உயிர் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

1995 செப்டம்பரில் தேர்தல் முடிந்து 990 கிராமப் பஞ்சாயத்துகள் அமைந்தன. ஏ.கே. ஆண்டனி முதல்வராக இருந்த அந்த ஆண்டு, அக்டோபர் 2 முதல் அலுவலகங்களும் ஊழியர்களும் பஞ்சாயத்துகளின் கீழ் வந்தார்கள். பணம் பெரிதாக வரவில்லை. 1996 மே மாதம் ஈ.கே. நாயனார் அரசு வந்தது. திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் உள்ள மாநிலத் திட்டக் குழு அலுவலகத்தில் துணைத் தலைவராகப் பொருளியல் அறிஞர் ஐ.எஸ். குலாட்டி, உறுப்பினராக டி.எம். தாமஸ் ஐசக். இருவருமே நகரின் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருந்து வந்தவர்கள், லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய அந்த வளாகம். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று பட்ஜெட்டின் நான்காம் இணைப்பில் ஊர் ஊராக அச்சிட்டார்கள். இனி யாரும் மந்திரியைப் பார்க்கத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, தொகை புத்தகத்திலேயே இருந்தது.

1996 ஆகஸ்ட் 17, சிங்ஙம் முதல் தேதி, மலையாளப் புத்தாண்டு. அன்று மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. முதல் கட்டமே கிராம சபை. வழக்கமாக முதலில் திறமையை உண்டாக்கு, பிறகு அதிகாரம் கொடு என்பார்கள். இங்கே முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, செய்யச் செய்யக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அது பெரிய துணிச்சல்.

துணிச்சலுக்குப் பின்னால் முன்தயாரிப்பும் இருந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் எழுத்தறிவு இயக்கத்தில் ஊர் ஊராக உழைத்த அமைப்பு. 1991 ஏப்ரல் 18-ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது அந்தத் தொண்டர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரியில், நாயனாரின் சொந்த ஊரில், மண்ணையும் நீரையும் ஊர்க்காரர்களே வரைபடமாக்கும் வேலையில் இறங்கினார்கள். அங்கே பெற்ற அனுபவம் 1996-ல் மாநிலம் முழுவதற்கும் போனது. சில நூறு பேருக்கு மாநில அளவில் பயிற்சி, அவர்கள் மாவட்டங்களில் பல ஆயிரம் பேருக்கு, அவர்கள் ஊர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் டாக்டர்களும் சம்பளமில்லாமல் வந்தார்கள்.

கூட்டத்தை நடத்தும் முறையில்தான் அவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. முதலில் எல்லோரும் ஒன்றாகச் சிறிது நேரம். பிறகு விவசாயம், குடிநீர், கல்வி, சுகாதாரம், வீடு, பெண்கள், பட்டியல் சாதியினர் என்று பொருள்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து, பள்ளிக்கூடத்தின் தனித்தனி வகுப்பறைகளில் உட்கார்ந்தார்கள். முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடிக்கத் தயங்குகிற ஒருத்தி, இருபது பேர் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து கிணற்றைப் பற்றிப் பேசிவிடுவாள். குழு சொன்னதைக் குறிப்பெழுதி, கடைசியில் மறுபடி எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். இப்படிச் சேர்ந்த குறிப்புகளிலிருந்து ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் வளர்ச்சி அறிக்கையைப் புத்தகமாகவே அச்சிட்டது.

சட்டம் இந்த அனுபவத்தின் பின்னால் வந்து சேர்ந்தது. சத்யவிரத சென் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைக் கொண்டு 1999-ல் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைப் பெரிதாகத் திருத்தினார்கள். இன்றைய கிராம சபையின் உடம்பு அந்தத் திருத்தத்தில் உருவானது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சபை கூட வேண்டும். கூட்டும் பொறுப்பு, அதாவது கன்வீனர் பொறுப்பு, வார்டு மெம்பருக்கு. தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறினால் மெம்பர் பதவியே போகும். தலைமை பஞ்சாயத்துத் தலைவருக்கு, அவர் இல்லாவிட்டால் துணைத் தலைவருக்கு, இருவரும் இல்லாவிட்டால் மெம்பருக்கு. உதவிக்கு ஓர் அதிகாரி. வாக்காளரில் பத்து சதவீதம் வந்தால்தான் ‘கோரம்’. வராவிட்டால் ஒத்திவைத்து மறுபடி கூட்ட வேண்டும், அப்போது ஐம்பது பேர் போதும். சபை தயாரிக்கும் பயனாளிகள் பட்டியலின் வரிசையைப் பஞ்சாயத்து தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பஞ்சாயத்து எடுத்த ஒரு முடிவுக்குக் காரணம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் சபைக்கு உண்டு. அதே திருத்தத்தில் பஞ்சாயத்து ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் வந்தது, நாடு தழுவிய தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால்.

ஏட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எப்படி இருக்கும்? நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அரசு தொடக்கப் பள்ளி, சின்னப் பிள்ளைகளின் தாழ்ந்த பெஞ்சுகள். வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவேடு. குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுப் பெண்கள், அயல்கூட்டம் எனும் அக்கம்பக்கக் குழுக்களாக வந்து வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஆண்களில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே மாமரத்தடியில் நின்றுகொண்டார்கள். அதிகாரி போன கூட்டத்தின் மினிட்ஸை வேகமாக வாசித்துக்கொண்டு போனார்.

பாதியில் ஒரு வயதான அம்மா எழுந்து, எல்லைப்புறத்துக் கலப்பு மொழியில் மெம்பரிடம் கேட்டாள்: “மோளே, எங்க பக்கத்துக் கிணறு சித்திரையில வத்திப்போகுதுன்னு போன சபையில சொன்னேனே. அது அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கா?”

மெம்பருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். இல்லை.

“எழுதல்லியா, அம்மா?” என்று மெம்பர் அந்த அம்மாவையே திருப்பிக் கேட்டாள், முகம் சிவந்துவிட்டது.

“நான் பேசினேன், இவங்க எல்லாரும் கேட்டாங்க. இப்போ எழுதச் சொல்லு.”

எழுதினார்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மா உட்கார்ந்தாள். பேச்சு காற்றோடு போகும், மினிட்ஸ் புக்கில் ஏறியது பஞ்சாயத்துக் கமிட்டியின் மேசைக்குப் போகும், அங்கே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சட்டப் பிரிவு எண் எதுவும் தெரியாத அவளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு பட்டியல் வாசிப்பு. வீட்டுப் பழுது, ஆட்டுக்குட்டி, தென்னங்கன்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சலசலப்பு. ஒருவருக்கு ஏற்கெனவே கான்கிரீட் கூரை இருக்கிறது என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, அவர் தம்பி எழுந்து மறுக்க, கடைசியில் மெம்பர் நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாக ஒத்துக்கொண்டாள். அலுவலக அறைக்குள் பேனாவால் ஒரு பெயரை மேலே ஏற்றுவது சுலபம். நூற்றைம்பது அண்டை வீட்டார் முன்னால் அது சுலபமல்ல.

இந்தப் பட்டியல்தான் சபையின் பலம். அதுவே நோயாகவும் ஆகியிருக்கிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது. பட்டியலில் பெயர் வேண்டியவர்கள் வருகிறார்கள், வேண்டாதவர்கள் வருவதில்லை. அரசு உத்தியோகஸ்தர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், கார் வைத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் சபை தங்களுக்கானதல்ல என்று ஒதுங்கிவிட்டார்கள். 1996-ல் வகுப்பறை வகுப்பறையாக நடந்த விவாதம் பல வார்டுகளில் இன்று பெயர் வாசித்துக் கைதட்டி முடியும் சடங்காகச் சுருங்கிவிட்டது. ஏழைப் பெண்கள் வந்து நிரப்புவதால்தான் கோரமே கிடைக்கிறது. அவர்கள் பலனுக்காக வருகிறார்கள் என்று இளப்பமாகப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கூரை ஒழுகுகிறவர் கூரைக்காக வருவதில் என்ன குறை? ஆனால் ஓடையில் கழிவு கலப்பதும், குப்பை எங்கே போகிறது என்பதும், தெருநாயும், நிலத்தடி நீரும் எல்லா வீட்டுக்கும் பொது. அவற்றைப் பேச வேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் மெம்பரைத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டு எந்த மினிட்ஸிலும் ஏறாது.

சபையின் வாக்குக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை நாடு ஒருமுறை பார்த்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுப்பதா என்பதை அங்குள்ள கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-ல் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அது வன உரிமைச் சட்டத்தின் வழியாக வந்த அதிகாரம், கேரளத்து வார்டு சபைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கூடிய மனிதர்கள் ஒன்றுதான், முறையும் ஒன்றுதான்.

புதிதாகக் குடிவந்தவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த வார்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்த ஊரில் ஓட்டு, இங்கே வீடு என்றால் சபையில் இடமில்லை. உள்ளாட்சிக்கான பட்டியல் மாநிலத் தேர்தல் ஆணையத்தினுடையது, சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டதால் இதில் பெயர் இருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மலையாளம் தட்டுத்தடுமாறி வந்தாலும் போதும். பாறசாலைப் பக்கமெல்லாம் தமிழிலேயே பேசினாலும் புரிந்துகொள்வார்கள். நோட்டீஸில் அஜெண்டா இருக்கும், படித்துவிட்டுப் போகலாம். சொன்னதை எழுதினார்களா என்று கேட்கலாம்.

மெம்பர் அழைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வார்டு வாக்காளரில் பத்து சதவீதம் பேர், எதைப் பேச வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பதினைந்து நாளைக்குள் மெம்பர் சிறப்புச் சபை கூட்ட வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு நடுவில் ஒருமுறை இப்படிக் கேட்கலாம். ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள வார்டில் அது நூற்றைம்பது கையெழுத்து, இரண்டு சாயங்காலம் வீடு வீடாக நடந்தால் கிடைத்துவிடும்.